வேட்டி கட்டிய சேலைன் கம்பி

கடந்த செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்ராறியோ ஏரிக்கரையோரப் பூங்கா ஒன்றின் நடைபாதையில், ஐந்து இளம் பெண்களும் இரண்டு பையன்களுமாகச் சேர்ந்து, ஆஸ்பத்திரியில் சேலைன் பை தொங்கவிடும் சில்லுக் கம்பி ஒன்றுக்கு வேட்டியும் சால்வையும் கட்டி, கலியாண வீட்டில் மாப்பிள்ளையை அழைத்துச் செல்லும் பாவனையில் அதை நடுவில் விட்டு உருட்டிக்கொண்டு போனார்கள். அந்த வேட்டி என் கணவருடையது. நாலு முழத்துக்கு மேற்பட்ட எந்தத் துணிக்கும் அலுமாரியில் ஓர் இடம் வைத்திருக்கும் அந்த மனிதர், தன் வேட்டி ஐந்து கிலோமீற்றர் போய்வந்த செய்தியை அன்று மாலை ஒரு படத்தைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டார்.

அந்த ஏழு பேரில் ஒருத்தி என் அக்காவின் மகள். எங்கள் ஊர் வழக்கில் சொன்னால், என் பெறாமகள். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். மற்றதெல்லாம் எழுதலாம், வேட்டியைக் கட்டாயம் எழுத வேண்டும் என்றாள்.

அவளுக்கு 24 வயதில் கழுத்தின் இடது பக்கத்தில் ஒரு கட்டி தெரிந்தது. அதற்கு முன்னரே இரவில் தலையணை நனையும்படி வியர்த்தது, தோலில் எதுவும் தெரியாமலே உடம்பெல்லாம் கடித்தது, உடுப்புகள் தொளதொளத்தன. மூன்று முறை வைத்தியரிடம் போனாள். முதல் முறை தடிமன் காய்ச்சலின் மிச்சம் என்றும், இரண்டாம் முறை வேலைப் பளு என்றும், மூன்றாம் முறை நித்திரை போதாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அறுபது வயதான ஒருவர் இதே அறிகுறிகளோடு போயிருந்தால் முதல் நாளே படம் எடுத்திருப்பார்கள் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. இளம் உடம்பு என்றால் எல்லாரும் அதை நம்பிவிடுகிறார்கள். அந்த உடம்புக்கு உரியவரும் நம்பிவிடுகிறார். நான்காம் முறை வேறொரு வைத்தியர் நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார். அதன்பின் கழுத்துக் கட்டியிலிருந்து திசு எடுத்துப் பார்த்து, ஹொட்ஜ்கின் லிம்போமா என்றார்கள். நிணநீர்க் கணுக்களில் வரும் இந்தப் புற்றுநோய் இருபதுகளிலும் முப்பதுகளிலும் உள்ளவர்களை அதிகமாகத் தேடிப் பிடிப்பது. ஆனால் இன்று சிகிச்சை எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் குணமாகிவிடக் கூடியதும் இதுவே.

15 வயது முதல் 39 வயது வரையுள்ள புற்றுநோயாளர்களை மருத்துவர்கள் இப்போது தனியொரு பிரிவாகக் கணக்கிடுகிறார்கள். அப்படிக் கணக்கிடுவதன் காரணத்தை, அவளோடு காத்திருப்பு மண்டபத்தில் உட்கார்ந்த முதல் நாளே நான் விளங்கிக்கொண்டேன். சிறுவர் ஆஸ்பத்திரியில் சுவரில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்திருக்கும். பெரியவர்களின் பகுதியில் எல்லாருமே பேரப்பிள்ளை கண்டவர்களாக இருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் வந்தவளுக்கு இரண்டிலும் இடமில்லை. பதிவு மேசையில் இருந்த பெண் அவளைக் கடந்து என்னைப் பார்த்து, எனக்கு இது முதலாவது சிகிச்சையா என்று கேட்டார். அதற்குப் பிறகும் இரண்டு முறை அப்படி நடந்தது. நாலாவது முறை வந்தபோது பெறாமகள் முந்திக்கொண்டு, "இவ என்ரை துணைக்கு வந்தவ, நோயாளி நான்தான்" என்பதை ஆங்கிலத்தில், ஒரு கலியாண வீட்டில் மணப்பெண்ணைச் சுட்டிக்காட்டும் பெருமிதத்தோடு சொன்னாள்.

மருந்து ஏற்றத் தொடங்குவதற்கு முன் இரண்டு கிழமைக்குள் முடிவு செய்யவேண்டியிருந்த ஒரு விடயம், கருமுட்டைகளைச் சேமித்து வைப்பது. அவளுக்குக் கொடுக்கவிருந்த மருந்துகள் கருமுட்டைகள் உருவாகும் சூலகத்துக்கு அவ்வளவாக ஆபத்தைக் கூட்டுவதில்லை என்றாலும், வாய்ப்பை அவளுக்குச் சொல்லவேண்டியது தங்கள் கடமை என்று மருத்துவர் சொன்னார். புற்றுநோயாளர்களுக்கு ஒரு முறை இதைச் செய்யும் செலவை ஒன்ராறியோ அரசு ஏற்கிறது. அதற்குப் போடும் ஊசி மருந்துகளின் செலவை ஏற்பதில்லை. ஒரு காதலன்கூட இல்லாத பெண்ணிடம் பிறக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றி அந்நியர்கள் கேள்வி கேட்க, பக்கத்தில் தாய் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரம்தான், முழுச் சிகிச்சையிலும் ஆகக் கொடுமையானது என்று அவள் பிறகு சொன்னாள். ஊசியும் வாந்தியும் அதற்குப் பின்னால்தானாம்.

நான்கு மருந்துகள் சேர்ந்த கலவை, இரண்டு கிழமைக்கு ஒரு தரம், ஆறு மாதம். அவற்றில் ஒன்று ரோஸ் சர்பத்து நிறத்தில் சிவப்பாக இருக்கும். அதை ஏற்றிய அன்று சிறுநீரும் அந்த நிறத்திலேயே போகும். இன்னொன்று நுரையீரலைப் பாதிக்கக்கூடியது என்பதால் இடையிடையே மூச்சுப் பரிசோதனை செய்வார்கள். கழிப்பறைக்குப் போவதென்றாலும், ஜன்னலோரம் போய் நிற்பதென்றாலும், நாலு சில்லுக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டே போகவேண்டும். ஏழாவது தரம் ஏற்றும்போது பக்கத்துக் கதிரையில் இருந்த மலையாளப் பெண் ஒருத்தி, தான் இந்த ஆறு மாதமும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த ஒரே ஆண் இவர்தான் என்று கம்பியைக் காட்டியிருக்கிறாள். அன்று தொடக்கம் அதன் பெயர் மாப்பிள்ளை.

என் அக்காவுக்கோ அந்தச் சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதறியது. விடயம் தெரிந்த முதல் நாளே என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, நாளைக்கு இவளுக்கு ஒரு இடம் பாக்க வேணும்" என்றா. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் ஆட்களுக்கு அவளுடைய நோய் தைரொயிட் ஆனது. தலைமுடி போனது ஏதோ ஒவ்வாமை ஆனது. வேலைக்கு விடுமுறை எடுத்தது மேற்படிப்பு ஆனது. கோயிலில் மூன்று பேருக்கு மூன்று கதை சொல்லி, எந்தக் கதையை யாருக்குச் சொன்னோம் என்று மறந்து, அக்கா கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டா. நான் அவவைக் குறை சொல்லி எழுதவில்லை. 1989 இல் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அவ சுமந்த எல்லாப் பாரத்தையும் வாய் திறக்காமல்தான் சுமந்தா. இதையும் அப்படியே சுமக்கலாம் என்று நினைத்திருப்பா.

சிகிச்சை முடிந்த பிறகு பெறாமகள் எதற்கும் வரமாட்டேன் என்றாள். மெழுகுவர்த்தி ஏற்றும் கூட்டத்துக்கு வரவில்லை. மேடையில் ஏறி அனுபவத்தைச் சொல்லக் கேட்டார்கள், மாட்டேன் என்றாள். "நான் போராளியும் இல்லை, வென்றவளும் இல்லை, மருந்து ஏத்திச்சினம், நான் கதிரையிலை இருந்தனான்" என்பது அவளுடைய வாதம். தன் வயதினரைத் தேடி அவள் சேர்ந்தது ஒரே ஓர் அமைப்பில்தான். யங் அடல்ட் கான்சர் கனடா என்ற அந்த அமைப்பு, இருபதுகளிலும் முப்பதுகளிலும் புற்றுநோய் வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதற்காக 2000 ஆம் ஆண்டில் நியூபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜோன்ஸ் நகரத்தில் தொடங்கியது. அப்படிப் பேசக் கிடைத்தவர்களும், மருந்தேற்றும் அறையில் கிடைத்தவர்களுமாகத்தான் அந்த ஏழு பேர் கூட்டம் உருவானது. அவர்கள்தான், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்கும் டெரி பொக்ஸ் ஓட்டத்துக்குப் போவதென்று முடிவெடுத்தார்கள்.

"அங்கை ஆர் முதல் வந்தது எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம், சின்னம்மா" என்றாள்.

உண்மைதான். கனடாவில் பிள்ளை வளர்த்த எவருக்கும் இந்த ஓட்டம் தெரியும். செப்டெம்பர் பிறந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வரும். டெரிக்காக ஒரு டூனி, அதாவது இரண்டு டொலர்க் குற்றி, கொடுத்துவிடச் சொல்லியிருக்கும். பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு, கையில் ஓர் ஒட்டுத்தாளோடு வீட்டுக்கு வருவார்கள். நான் பல வருடங்கள் அந்தக் குற்றியைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். யார் இந்த டெரி என்று ஒழுங்காக வாசித்தது பெறாமகளுக்கு நோய் வந்த பிறகுதான்.

டெரி பொக்ஸ் 1958 ஜூலை 28 இல் வினிப்பெக்கில் பிறந்து, பிரிட்டிஷ் கொலம்பியாவின் போர்ட் கொக்கிட்லம் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். உயரம் போதாது என்று சொல்லப்பட்டும் கூடைப்பந்துக் குழுவில் பிடிவாதமாக இடம்பிடித்தவர். 1977 மார்ச்சில், 18 வயதில், எலும்புப் புற்றுநோய் என்று கண்டு, வலது காலை முழங்காலுக்கு ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் மேலே வெட்டி எடுத்தார்கள். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இரவு, அவருடைய பழைய கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒரு சஞ்சிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்; செயற்கைக் காலோடு நியூயோர்க் மரதனை ஓடி முடித்த டிக் ட்ரோம் என்பவரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது என்றும், இரண்டு வருடங்களுக்கு முன்னர் வந்திருந்தால் அது பதினைந்தாகவே இருந்திருக்கும் என்றும் அவருக்குச் சொன்னார்கள். அந்த முப்பத்தைந்தையும் ஆராய்ச்சிக்குக் கொடுக்கப்பட்ட பணம்தான் வாங்கித் தந்தது என்ற கணக்கு அவருடைய மனத்தில் விழுந்துவிட்டது. 16 மாதம் கீமோ எடுத்தார். தன்னைவிடச் சின்னஞ்சிறியவர்கள் அந்த வார்டில் படும்பாட்டைப் பார்த்தார்.

1980 ஏப்ரல் 12 ஆம் திகதி செயின்ட் ஜோன்ஸ் நகரத்தில் செயற்கைக் காலை அத்திலாந்திக் கடலில் தோய்த்துவிட்டு, நாட்டின் மறுகரையை நோக்கி ஓடத் தொடங்கினார். ஒரு நாளைக்கு ஒரு மரதன், ஏறக்குறைய 42 கிலோமீற்றர் என்பது இலக்கு. செயற்கைக் கால் தரையில் பட்டு அடுத்த அடிக்குத் தயாராவதற்கு நேரம் எடுக்கும் என்பதால், நல்ல காலால் இரண்டு முறை துள்ளுவார். அந்தத் துள்ளல் நடையைப் பழைய படச்சுருள்களில் ஒரு முறை பார்த்தவர்களுக்குப் பிறகு வேறெந்த ஓட்டமும் ஓட்டமாகத் தெரியாது. பின்னால் ஒரு வான் வண்டியில் நண்பர் டக் ஆல்வர்ட் வந்தார். சமைத்ததும் அவரே, வண்டி ஓட்டியதும் அவரே.

எனக்குப் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. ஹலிபாக்ஸ் வந்து சேருவதற்குள் டெரியும் டக்கும் ஒருவரோடொருவர் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். இரண்டு இருபத்தொரு வயதுப் பையன்களை நாற்றமடிக்கும் ஒரு வானுக்குள் மாதக்கணக்கில் அடைத்து வைத்தால் வேறென்ன நடக்கும்? தாயும் தகப்பனும் விமானம் ஏறி வந்து சமாதானம் செய்யவேண்டியிருந்தது; பிறகு 17 வயதுத் தம்பி டாரலும் வானில் ஏறிக்கொண்டான், இருவருக்கும் நடுவில் ஒரு மெத்தையைப்போல. கியூபெக்கில் வாகனக்காரர்கள் ஹோர்ன் அடித்து ஓரம் போகச் சொன்னபோது டெரி கோபப்பட்டார். வெட்டிய காலின் முனையில் இரத்தம் கசிந்தாலும் பரிசோதனைக்குப் போக மறுத்தார். வைத்தியர் சொல்லைக் கேட்காத, முன்கோபமுள்ள, எதிலும் விட்டுக்கொடுக்காத ஒரு பையன். எங்கள் வீட்டில் இருப்பவளைப்போல. பாடப்புத்தகத்தில் அவரைத் தெய்வப்பிறவி ஆக்கிவிட்டார்கள். அது அவருக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குப் படவில்லை.

ஆராய்ச்சிக்காக டெரி முதலில் கேட்டது பத்து இலட்சம் டொலர். ஏறக்குறைய பத்தாயிரம் பேர் வாழ்ந்த போர்ட் ஓ பாஸ்க் என்ற ஊர் பத்தாயிரம் டொலரைத் திரட்டிக் கொடுத்ததைக் கண்ட பிறகு, ஒவ்வொரு கனடியருக்கும் ஒரு டொலர் என்று இலக்கை மாற்றினார். அப்போது நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய இரண்டு கோடியே நாற்பது இலட்சம். ரொறன்ரோவில் நகரசபைச் சதுக்கத்தில் மட்டும் பத்தாயிரம் பேர் கூடினார்கள். செப்டெம்பர் 1 ஆம் திகதி, தண்டர் பே நகரத்துக்கு வெளியே, இருமலும் நெஞ்சுவலியும் தாங்கமுடியாமல் நின்றார். 143 நாட்கள், 5,373 கிலோமீற்றர். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 பெப்ரவரியில் நிதி இரண்டு கோடியே நாற்பது இலட்சத்தைத் தாண்டியது. ஜூன் 28 ஆம் திகதி, 23 வயதுக்கு ஒரு மாதம் இருக்க, அவர் காலமானார். நீண்டதூர லொறி ஓட்டும் என் கணவர், சுப்பீரியர் ஏரியைப் பார்த்தபடி அங்கே நிற்கும் டெரியின் வெண்கலச் சிலைக்கு அருகில் பலமுறை வண்டியை நிறுத்தித் தேநீர் குடித்திருக்கிறார். ஒரு தடவைகூட அதைப்பற்றி வீட்டில் சொன்னதில்லை.

டெரி இறந்த அதே வருடம் செப்டெம்பர் 13 ஆம் திகதி முதலாவது ஓட்டம் நடந்தது. மூன்று இலட்சம் பேர் கலந்துகொண்டார்கள். இன்றுவரை சேர்ந்த தொகை 85 கோடி டொலருக்கும் மேல். போட்டி கூடாது, பரிசு கூடாது, இதனால் எவரும் இலாபம் காணக்கூடாது என்பது டெரியின் நிபந்தனை. 2011 இல் இறக்கும்வரை தாயார் பெட்டி பொக்ஸ் அதைக் காவல் காத்தார். அதனால்தான் இந்த ஓட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை; இவ்வளவு திரட்டினால்தான் ஓடலாம் என்ற கட்டுப்பாடு இல்லை; நெஞ்சில் விளம்பரம் சுமக்கும் சட்டைகள் இல்லை; மணிக்கூடு இல்லை. ஓடலாம், நடக்கலாம், சைக்கிளில் போகலாம், சக்கர நாற்காலியில் போகலாம், நாயைக் கூட்டிக்கொண்டு போகலாம். வேட்டி கட்டிய கம்பியையும் உருட்டிக்கொண்டு போகலாம் என்பது யாரும் எழுதி வைக்காத விதி. இந்தியாவிலும் இது நடந்திருக்கிறது. சென்னை ஐஐடி வளாகத்தில் மான்களுக்கு நடுவே ஓடியிருக்கிறார்கள்.

ஒரே ஓர் அடையாளம் உண்டு. புற்றுநோய் வந்தவர்களுக்குத் தனியாகச் சிவப்புச் சட்டை கொடுப்பார்கள். தூரத்திலிருந்தே தெரியும்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. இரண்டு வருடமாக அக்கா கட்டிக் காத்த தைரொயிட்டையும் ஒவ்வாமையையும் மேற்படிப்பையும் ஒரு பருத்திச் சட்டை ஒரே காலையில் உடைத்துவிடும். ரொறன்ரோவில் தமிழர் ஒருவர்கூட இல்லாத பூங்கா எங்கே இருக்கிறது? முதல்நாள் இரவு தாயும் மகளும் போட்ட சண்டையை நான் தொலைபேசியில் இரு பக்கமும் கேட்டேன். கடைசியில் அக்கா, மேலே ஒரு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போ என்று இறங்கி வந்தா. மறுநாள் 25 பாகை வெயில். கம்பளிச் சட்டை மாப்பிள்ளையின் தோளில் தொங்கியது.

கம்பி, ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தது அல்ல. பழைய மருத்துவப் பொருட்கள் விற்கும் ஒருவரிடம் அந்த மலையாளப் பெண் வாங்கியது. அதன் கொக்கிகளில் மருந்துப் பைக்குப் பதில் இளநீர்ப் பெட்டிகள் தொங்கின. வேட்டியை அவர்களுக்குக் கட்டத் தெரியவில்லை. பாவாடைபோலச் சுற்றி ஊசி குத்தியிருந்தார்கள். பார்க்கச் சகிக்காமல் நானே குந்தியிருந்து கொய்யகம் வைத்துக் கட்டிவிட்டேன். அக்கா வரமாட்டேன் என்று சொன்னவ, பத்து மணியளவில் தூரத்து மேப்பிள் மரத்தடியில் குடையோடு நின்றதைக் கண்டேன். அருகே வரவில்லை.

முதல் இரண்டு கிலோமீற்றர் தார் பாதை, சுகமாகப் போனது. மூன்றாவதில் சரளைக் கல் வந்ததும் மாப்பிள்ளை அடம்பிடித்தார். ஒரு சில்லு கழன்று புல்லுக்குள் ஓடியது. பிறகு ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மூன்று அடிக்கு ஒரு தரம் சிரிப்பில் கீழே வைத்தார்கள். பின்னால் வந்த வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர், அவரும் சிவப்புச் சட்டைதான், இதற்கு ஒரு பிரேதப் பெட்டி தூக்குவதைவிடக் கூடிய ஆட்கள் வேண்டும்போல இருக்கிறதே என்றார். நான் திகைத்துப் போனேன். அந்த ஏழு பேரும் நிலத்தில் இருந்து சிரித்தார்கள். வெளியே நிற்கும் எங்களுக்கு அந்தச் சொற்கள் சுடுகின்றன. உள்ளே இருந்து வந்தவர்களுக்கு அவை பழகிய பாத்திரங்களைப்போல.

திரும்பி வரும் வழியில், நான் எதிர்பார்த்தபடியே, கோயிலில் தெரிந்த ஓர் அம்மா எதிரே வந்தா. பேரப்பிள்ளையின் தள்ளுவண்டியோடு நடந்து வந்தவ, முதலில் என்னைப் பார்த்தா, பிறகு பெறாமகளைப் பார்த்தா, சிவப்புச் சட்டையைப் பார்த்தா, கழுத்தில் தெரிந்த தழும்பைப் பார்த்தா. கடைசியாகக் கம்பியைப் பார்த்தா. அவவுக்குள் பல கேள்விகள் வரிசையில் நின்றதை என்னால் காணமுடிந்தது. வெளியே வந்தது ஒன்றுதான்.

"ஆற்றை வேட்டி, பிள்ளை?"

"சித்தப்பாவின்ரை, அன்ரி."

"நல்ல கரை" என்றுவிட்டு, பணப்பையைத் திறந்து இருபது டொலரை எடுத்து, மாப்பிள்ளையின் சால்வை மடிப்புக்குள் மொய்ப்பணம்போலச் செருகிவிட்டுப் போனா.

அக்காவுக்கு இதைச் சொன்னபோது அவ நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, அந்த மனிசிக்கு எந்தக் கதையைச் சொல்லியிருந்தேன் என்று என்னிடமே கேட்டா. மேற்படிப்பு என்றுதான் நினைவு என்றேன்.

கம்பி இப்போது எங்கள் நிலவறையில், கழன்ற சில்லோடு நிற்கிறது. பழைய குழந்தை வண்டியின் சில்லொன்று பொருந்துமா என்று என் கணவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக அளந்துகொண்டிருக்கிறார். வேட்டியின் சரளைக் கறை இரண்டு தோய்ப்பிலும் போகவில்லை. வேறு வேட்டி தருகிறேன், பட்டுக்கரையாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் முதலே கேட்கவேண்டும் என்று அவர் பெறாமகளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்.